தலை சாய்த்தால் ஒரு பந்து

அண்ணன் தூக்கிக் கொடுக்கும் பந்தை அடிப்பதற்காகவே நான் வாலிபால் ஆடினேன். வலையோரம் எம்பினால் போதும், என் கை போகிற இடத்தில் பந்து நிற்கும். உத்திரமேரூர் பக்கம் எந்த ஊர் டோர்னமென்ட் என்றாலும் எங்கள் இருவரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

பக்கத்து ஊரான பெருநகரில் ஆடிவிட்டுத் திரும்பும்போது நாய் குறுக்கே வந்து பைக் சரிந்தது. அண்ணனுக்குத் தலையில் அடி. ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து தலையை இடது தோள் பக்கம் சாய்த்தே வைத்திருந்தான்.

"இன்னா மாப்ள, பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி நிக்கிறா மாதிரி தலைய சாச்சிக்கினு கீற?" என்று டீம் பையன்கள் ஓட்டினார்கள். அம்மாவோ சுளுக்கு என்று முடிவுகட்டி, பக்கத்துத் தெருவில் சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப்போனாள். அவர் எண்ணெய் தடவிக் கழுத்தை நிமிர்த்தியதும் அண்ணன் கத்தினான்.

"யோவ், வுடுய்யா! நேரா வெச்சா நீ ரெண்டா தெரியற!"

"இன்னொருத்தன் இருந்தா நான் ஏன்டா ஒண்டியா கஷ்டப்படறேன்?" என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அண்ணனைத் தலையை இரு பக்கமும் சாய்க்கச் சொல்லி போனில் வீடியோ எடுத்தேன். இடப்பக்கம் சாய்த்தால் இரண்டு கண்ணும் ஒன்றாக நின்றன. வலப்பக்கம் சாய்த்தால் வலது கண் மட்டும் மெல்ல மேலே ஏறியது.

காஞ்சிபுரத்தில் நரம்பு டாக்டர் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, தானும் அண்ணன் தலையைப் பிடித்துச் சாய்த்துப் பார்த்தார். தலை சாயும்போது உலகம் சாயாமலிருக்கக் கண்கள் கொஞ்சம் எதிர்ப்பக்கம் சுழலுமாம். வலது கண்ணை அப்படிச் சுழற்றும் தசைக்குப் போகிற மெல்லிய நரம்பு அடிபட்டிருக்கிறது. உதவிக்கு வரும் இன்னொரு தசை கண்ணை மேலே இழுத்துவிடுகிறது. இடப்பக்கம் சாய்த்தால் அந்தத் தசைகளுக்கு வேலையில்லை, அதனால் ஒன்றாகத் தெரிகிறது. தானாகச் சரியாக மாதங்கள் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றார்.

பஸ்ஸில் வழியெல்லாம் இதையே பேசிக்கொண்டு வந்தேன், கைகளால் கண்ணைச் சுழற்றிக் காட்டிக்கூட. அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"எல்லாம் சரிடா. நான் எப்போ பந்து தூக்குவேன், அத சொல்லு."

மறுநாளே பந்தை வெளியே எடுத்தேன்.

அறுவடை முடிந்த வயலில் சாயங்காலம் வலை கட்டி, நான் அண்ணனுக்கு உயரமாகப் பந்து போட்டுவிட்டு வலையோரம் ஓடிப்போய் எம்புவேன். "மேல இருக்கறப்ப ஒண்ணுதான்டா. எறங்கறப்பதான் ரெண்டாவுது," என்பான். தலை சாய்ந்த நிலையில், இறங்குமுன் நெற்றிக்கு மேலேயே விரல்களால் தள்ளுவான். சில பந்துகள் பழையபடியே வரும். ஆனால் மேட்சில் உயரமான பந்தாகப் பார்த்து யார் தருவார்கள்?

இப்போது வேறொருவன் தூக்குகிறான், நன்றாகவே. பாயின்ட்டும் வருகிறது. அடித்துவிட்டுத் தரைக்கு வந்ததும் கோட்டுக்கு வெளியே பார்க்கிறேன். அண்ணன் தலையைச் சாய்த்தபடி நிற்கிறான். இல்லாத பந்து ஒன்றை அவன் விரல்கள் தூக்கிக்கொண்டிருக்கின்றன.