சாமி முன்னால் சாவு அடி

போன ஞாயிற்றுக்கிழமை வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்குப் பொன்னாடையா என்று சிரிக்காதீர்கள். அதைப் போர்த்திவிட்டால் நைசாக எழுந்து போக முடியாது. மேடையோரத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால்தான் நடந்ததை எல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அன்று மாலை அந்தத் தோட்டத்துப் பையன்களின் பேண்ட் வாசிக்க இருந்தது. பெயர் ‘பெரட்டு’. ஆமாம், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கக் கூட்டுகிறார்களே, அதே பெரட்டுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் இவர்கள் கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு வாசித்தவர்கள். பிறகு கொழும்பில் கடை வேலைக்குப் போன யாரோ ‘மெட்டல்’ என்னும் முரட்டு ராக் இசை சீடி ஒன்றைக் கொண்டுவந்தார்கள்... அவ்வளவுதான். பாடகர் சசி உறும ஆரம்பித்தார். லயத்து வீடுகளில் இருந்தவர்கள் பேய் பிடித்துவிட்டதோ என்று பயந்தார்கள். கொஞ்ச காலம் வெறும் உறுமல். அப்புறம் உறுமலுக்கு நடுவே ராகமாகத் தமிழில் பாடவும் செய்தார். மெட்டல்கோர் என்று அதற்குப் பெயராம்.

இந்த வகைப் பாட்டு தலைதெறிக்க ஓடும். திடீரென்று வேகம் குறைந்து அடி மேல் அடியாக விழும். அந்த இடத்தை ‘பிரேக்டவுன்’ என்கிறார்கள். ஹட்டன் ரோட்டில் பஸ் பழுதாகி நின்றுபோனாலும் நாம் அதைத்தான் சொல்கிறோம்.

பெரட்டுக்குக் கொழும்பில் பேர் வாங்கித் தந்தது அந்த இடம்தான். காரணம், டிரம்ஸ் வாசிக்கும் குமார். அவருடைய அப்பா கருப்பையா தோட்டத்தில் தப்பு மேளம் அடிப்பவர். கல்யாணத்துக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி. குமார் அந்தச் சாவு அடியை எடுத்து அப்படியே பிரேக்டவுனில் வைத்துவிட்டார். கொழும்புப் பிள்ளைகள் அதற்குத் துள்ளிக் குதித்தார்களாம். அது என்ன அடி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இங்கே எல்லோருக்கும் தெரியும். சாமி முன்னால் சாவு அடி விழக் கூடாது. அம்மன் தேர் எதிரிலேயே நிற்கிறது. கோயில் கமிட்டித் தலைவர் மேடைக்குப் பின்னால் வந்துவிட்டார்.

“அந்த எடத்த மட்டும் எடுத்துருங்க தம்பி. மத்தபடி என்ன வேணும்னாலும் கத்திக்கிங்க.”

“அது எங்கப்பா அடிங்க,” என்றார் குமார். “தேருக்கு அடிக்கிறப்பகூட அவர வெளியிலதான் நிக்க வைக்கிறீங்க. அவரு அடி ஒரு தடவையாவது மேடையில கேக்கட்டும். அத எடுக்கச் சொன்னா இனி நான் வாசிக்கவே மாட்டேன்.”

“கேட்டுச்சுன்னா கரண்ட் நிக்கும். அப்பறம் ஒங்க குடும்பம் இந்தக் கோயில் பக்கம் வர வேண்டியதில்ல.”

பாட்டையே மாற்றிவிடலாமா என்று சசி மெதுவாகக் கேட்டார். குமார் போய் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தார். நான் செருப்பைத் தேடினேன். எழுந்து போகலாம் என்றால்... பொன்னாடை.

பாட்டு தொடங்கியது. கிட்டார் சீறியது. சசி உறுமினார். ஆனால் என் கண் முழுக்கக் குமாரின் கையில்தான். அந்த இடம் வந்ததும் சாவு அடி அடிப்பாரா, மாட்டாரா?

அடித்தார். முதல் அடி விழுந்ததுமே கமிட்டியின் ஜெனரேட்டர் நின்றது.

கமிட்டி ஒன்றை மறந்துவிட்டது. கிட்டாருக்குக் கரண்ட் வேண்டும். மைக்குக்கு வேண்டும். டிரம்ஸுக்கு?

மற்ற சத்தமெல்லாம் அடங்கிவிட, சாவு அடி மட்டும் தனியாக, பச்சையாகக் கேட்டது. ஓர் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். முன்வரிசையில் இரண்டு பேர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். இனி அடிதடிதான் என்று நினைத்தேன்.

தலைவர் ஓடிப்போய், கோயிலுக்கு வெளியே தப்போடு நின்ற கருப்பையாவின் கையைப் பிடித்து மேடையடிக்கே இழுத்துவந்தார்.

“கருப்பையா, ஒன் மகன நிறுத்தச் சொல்லு.”

கருப்பையா மகனைப் பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

“ஒங்க அப்பாரு போனப்ப இதே அடிதாங்க. கை வலிச்சு நான் நிறுத்தப் போனேன். இன்னும் கொஞ்சம் அடி கருப்பையான்னு நீங்கதான் அழுதீங்க.”

தலைவரின் கண் சிவந்துவிட்டது. எழுந்த இருவரும் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள். மேலே குமார் அடித்துக்கொண்டே இருந்தார். அதை இனி ஒரு நிமிஷம்கூடத் தாங்க முடியாது என்பது தலைவரின் முகத்திலேயே தெரிந்தது. சத்தத்தை நிறுத்துவது சுலபம். சத்தம் நின்ற பிறகு கேட்பதை என்ன செய்வது?

தலைவர் ஜெனரேட்டர்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

“போடுப்பா... அந்தக் கிட்டாராவது கத்தட்டும்.”

அந்தத் தோட்டத்தில் மெட்டலை வாய்விட்டுக் கேட்டு வாங்கிய முதல் ரசிகர் அவர்தான்.