தலை நனையாத ஞானஸ்நானம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போன முதல் ஆள் நான். அதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. வீட்டில் மற்றவர்களையும் மறக்க விட்டதில்லை. கையெழுத்து வைக்கவேண்டிய இடங்களில் அப்பா பெருவிரலை வைத்துவிட்டு, "என்ரை மோள் எழுதுவாள்" என்று மையைத் தலைமயிரில் துடைத்துக்கொள்வார். ஆறாம் வகுப்பில் கணக்குக்கு நான்தான் முதல். ஒரு கணக்குக்கு இரண்டு விடை வந்தால் ஒன்றாவது பிழை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே, அப்பா இரண்டு கடவுளுக்கும் "ஓம்" என்று சம்மதித்த வருடத்தில், அதைத் திருத்துவது என் பொறுப்பு என்றுதான் நினைத்தேன்.

நாங்கள் தொண்டைமானாற்றுக்காரர். கடலுக்குப் போகத் தடையிருந்த காலம் அது. அப்பா ஆற்றில் வலை வீசி எங்களைக் காப்பாற்றினார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் ஒரு போதகர் சைக்கிளில் வருவார். சண்டையில் இடம்பெயர்ந்து தனியே வந்தவர், கட்டையான மனிதர். மற்ற வீடுகளில் அவரைக் கண்டதும் படலையைச் சாத்துவார்கள். எங்கள் வீட்டில் அப்பா வாங்குப் பலகையைத் தட்டிவிட்டு இருக்கச் சொல்வார். அவர் யேசுவைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அப்பா வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் "ஓம்" போடுவார். அம்மா தேநீரோடு ஒரு துண்டு பனங்கட்டி கொண்டுவந்து வைப்பார். போதகர் அதைக் குடித்தபடி என் கணக்குக் கொப்பியைப் பார்ப்பார், என் இரட்டைப் பின்னலைப் பார்ப்பார், பிறகு பனங்கட்டியைக் கடிக்க மறந்து கையிலேயே வைத்திருப்பார். என் கெட்டித்தனத்தைக் கண்டுதான் மலைத்துப் போகிறார் என்று எண்ணிக்கொள்வேன்.

ஒரு ஞாயிறு அவர் விஷயத்துக்கு வந்தார்.

"மெய்யான தேவன் ஒருத்தர்தான். ரெண்டு தோணியிலை கால் வைக்கேலாது, கண்டியளோ."

"வைக்கலாம் பாஸ்டர்," என்றார் அப்பா. "ரெண்டையும் சேத்துக் கட்டினால் வைக்கலாம்."

போதகர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "பிள்ளை சொல்லும். ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொன்னால் ரெண்டும் உண்மையாகுமோ?"

"ஆகாது," என்றேன் நான். வகுப்பில் எழும்பி நிற்பதுபோல எழும்பியே சொன்னேன்.

"பாத்தியளோ, படிச்ச பிள்ளைக்கு விளங்குது. அப்ப, வாற ஞாயிறு ஞானஸ்நானம் எடுப்பமோ?"

"ஓம்," என்றார் அப்பா.

அம்மா நின்ற குசினியில் ஏதோ விழுந்து உடைந்தது.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் நான். குழந்தையில் எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து, கண் மேலே போய்விட்டதாம். எனக்குப் பன்னிரண்டு வயதாகும் வரை ஒவ்வொரு திருவிழாவுக்கும் அப்பா காவடி எடுப்பார் என்று அம்மா முருகனுக்கு நேர்ந்தாராம். நான் பிழைத்தேன். அந்த வருடக் காவடிதான் கடைசி. திருவிழாவும் கிட்ட வந்துவிட்டது.

"இஞ்சருங்கோ, கேட்டு வாங்கின பிள்ளை. முருகன்ரை நேத்தி குழம்பினால் அவன் திருப்பிக் கேப்பான்," என்று அன்றிரவு அம்மா அழுதார்.

"அந்த மனிசன்ரை பெண்சாதி பிள்ளை அங்காலை மாட்டுப்பட்டுப் போச்சினம். வந்து கதைக்க ஒரு வீடு வேண்டாமோ?" என்றார் அப்பா. "தண்ணிக்கை தாண்டு எழும்புறது எனக்குப் புதிசோ? அவருக்கும் ஓம், முருகனுக்கும் ஓம்."

கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமில்லையே என்று நான் பாயில் கிடந்தபடி நினைத்தேன். பிறகு என் கணக்கைப் போட்டேன். போதகர் சொல்வது சரியென்றால் எனக்கு ஒன்றும் ஆகாது. அம்மா சொல்வது சரியென்றால் நான் செத்துப்போவேன். ஆகவே போதகர் சொல்வதே சரியாக இருக்கவேண்டும் என்று முருகனிடம் மன்றாடினேன்.

அந்தக் கிழமை முழுவதும் மாமா, அம்மாவின் தம்பி, அப்பாவை விடவில்லை. "அத்தான், ஞாயிறு யேசுவுக்கு, வெள்ளி முருகனுக்கு. மற்ற நாளெல்லாம் ஆருக்கு?"

"மற்ற நாள் இறாலுக்கு. நீ வலையைப் பிடி."

ஞாயிறு காலை ஆறு கடலோடு சேரும் இடத்தில் பாதி ஊர் நின்றது. யாரும் பக்தியால் வரவில்லை. போதகர் வெள்ளைச் சேட்டோடும் கழுசானோடும் தண்ணீரில் இறங்கினார். அப்பா அவருக்குப் பின்னால் நடந்தார்.

"பாஸ்டர், உதிலை மண் இழுக்கும். இஞ்சாலை வாங்கோ."

"தலை முழுக்கத் தாழவேணும். அங்கை அவ்வளவுக்கு ஆழம் காணாது."

"உங்களுக்குக் காணும்," என்றார் அப்பா. போதகரின் நெஞ்சுக்கு வந்த தண்ணீர் அப்பாவின் வயிற்றுக்குத்தான் வந்தது. போதகர் இன்னும் இரண்டு அடி வைத்து, அப்பாவின் பிடரியைப் பிடிக்கக் கையை உயர்த்தினார். "பிதா, குமாரன்" வரை கேட்டது. பிறகு போதகரின் கை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

கரை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆறு அந்த இடத்தில் எப்படி இழுக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பா ஒரு கையை விட்டுத் துழாவி, சேட்டுக் கொலரில் பிடித்துத் தூக்கி, நனைந்த வலையைச் சுமப்பதுபோலத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தார்.

"அத்தான்! ஆர் ஆருக்கு முழுக்குக் குடுத்தது?" என்று மாமா கத்தினார்.

"வாயைப் பொத்தடா," என்றார் அப்பா. மாமாவை அப்பா அப்படிப் பேசியதை நான் கேட்டது அன்றைக்குத்தான். அவர் போதகரை மணலில் இருத்தி முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். அம்மா ஓடிப்போய், போதகரைத் தாண்டி, அப்பாவின் தலையைத் தொட்டுப் பார்த்தார். உச்சி காய்ந்தே இருந்தது. "முருகா," என்று அப்படியே மணலில் இருந்துவிட்டார்.

இருமல் அடங்கியதும் போதகர் அப்பாவை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கள் தாழேல்லை."

"இல்லை பாஸ்டர். திரும்பப் போவமோ?"

போதகர் ஆற்றைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு, மூக்கால் தண்ணீர் வழிய வழிய, சிரிக்கத் தொடங்கினார். "வேண்டாம். நீங்கள் எல்லாத்துக்கும் ஓம் எண்டுவியள்."

திருவிழாவன்று அப்பா காவடி எடுத்தார். ஆவணி வெயிலில் தார் ரோட்டு கொதித்தது; நான் பின்னால் தாவித் தாவி நடந்தேன். கோயிலுக்குத் திரும்பும் முடக்கில் மட்டும் என் பாதம் திடீரென்று குளிர்ந்தது. பார்த்தால், கழுசானை முழங்கால் வரை மடித்துவிட்டு, போதகர் கிணற்று வாளியால் ரோட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார். அப்பா ஈர ரோட்டில் ஆடிக்கொண்டு போனார். போதகர் காவடியைப் பார்க்கவில்லை. அப்பாவின் கால்களைப் பார்த்து, அவை போகும் திசையில் ஊற்றினார்.

கடைசியில் விடை கிடைத்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம். வரிசையை விட்டு ஓடிப்போய்க் கேட்டேன்.

"பாஸ்டர், அப்ப நீங்கள் சைவத்துக்கு வந்திட்டியளோ?"

"இல்லைப் பிள்ளை," என்றார் அவர், வாளியை நிமிர்த்தாமலே. "ரோட்டு சுடுது."

அவ்வளவு படித்த மனிதர், கேட்ட கேள்விக்கு நேரே ஒரு பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறாரே என்று எனக்குச் சரியான கோபம். ஈரம் காய்வதற்குள் அப்பாவைப் பிடிக்க ஓடினேன்.