உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?

அமெரிக்காவில் எனக்கு என்ன வேலை என்று ஊரில் யார் கேட்டாலும் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். இங்கே துப்பாக்கிகளைக் கண்காணிக்க ஒரு அரசாங்க ஏஜென்சி இருக்கிறது. நாட்டில் ஒரு துப்பாக்கிக் கடையை இழுத்து மூடினால், அந்தக் கடையின் விற்பனைக் காகிதங்கள் எல்லாம் அட்டைப்பெட்டிகளில் ஏறி அங்கே வந்து சேரும். யார் வாங்கினார், எங்கே பிறந்தார், என்ன துப்பாக்கி, என்ன நம்பர், எல்லாம் அதில் இருக்கும். அந்தக் காகிதங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கும் கான்ட்ராக்ட் கம்பெனியில் நான் இருக்கிறேன். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? ஏற்றியதைப் பெயர் போட்டுத் தேட முடியக் கூடாது. அதுதான் சட்டம். ஒவ்வொரு பக்கமும் வெறும் படம். ஒரு பெயரைத் தட்டி அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டால் நான் வேலையைக் கெடுத்துவிட்டேன் என்று அர்த்தம். கொலை நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைத்தால், ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார்கள். நாலு வருடம் இன்ஜினியரிங் படித்து, ஏழு கடல் தாண்டி வந்து, எதையும் கண்டுபிடிக்க முடியாத ஒரு கம்ப்யூட்டரைக் கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்து வருகிறேன்.

நானோ உத்திரமேரூருக்குப் பக்கத்தில் திருப்புலிவனத்துக்காரன். ஊர்ச் சபைத் தேர்தலில் யார் நிற்கலாம், யாருக்கு அருகதை இல்லை என்பதை ஆயிரம் வருடத்துக்கு முன்பே சுவரில் வெட்டி, போகிறவன் வருகிறவன் எல்லாம் படிக்கும்படி வைத்த பக்கம். (எங்கள் பக்கத்து ஆள் எழுத உட்கார்ந்தால் அந்தக் கல்வெட்டைச் சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது. சொல்லியாயிற்று.)

இந்த ஏஜென்சியை வைத்து இங்கே நடக்கும் அரசியல் கூத்து கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கட்சிக்காரர்கள் டிவியில் வந்து, ஏஜென்சி ரகசியமாகப் பட்டியல் போடுகிறது, நாளைக்கே வீடு வீடாக வந்து துப்பாக்கிகளைப் பிடுங்கப் போகிறது, அதை ஒழித்துக்கட்ட வேண்டும் என்பார்கள். மற்ற கட்சிக்காரர்கள், ஏஜென்சிக்குப் பல்லே இல்லை, அதைப் பலப்படுத்த வேண்டும் என்பார்கள். நான் சோபாவில் உட்கார்ந்து இரண்டையும் கேட்பேன். ரகசியப் பட்டியல் வைத்திருப்பதாகச் சொல்லப்படும் அந்த அறையில்தான் பகலெல்லாம் இருந்துவிட்டு வந்திருப்பேன். அங்கே இருக்கும் ஒரே ரகசியம், கூரை ஒழுகும் மூலையில் எந்தப் பெட்டியை வைத்திருக்கிறோம் என்பது.

ஊரில் எங்கள் வீட்டிலும் ஒரு துப்பாக்கி உண்டு. நைனா, அதாவது என் அப்பா, வைத்திருக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி, வேர்க்கடலைக் கொல்லையில் இறங்கும் காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் வாங்கியது. பன்றியைச் சுட வேண்டுமென்றால் அதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். ஆகையால் இத்தனை வருடத்தில் அது சுட்டதெல்லாம் வானத்தைத்தான். ஆனால் அந்த ஒரு துப்பாக்கிக்கு எத்தனை எஜமானர்கள்! கலெக்டர் ஆபீசில் ஒரு ஃபைல், தாலுகா ஆபீசில் ஒரு ஃபைல், போலீஸ் ஸ்டேஷனில் ஒரு நோட்டு. எத்தனை தோட்டா வாங்கினார், எத்தனை மிச்சம் என்று நைனாவைவிட ஸ்டேஷன் ரைட்டருக்கு நன்றாகத் தெரியும். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். நைனா அதைப் பழைய வேட்டியில் சுற்றி, டிவிஎஸ் ஃபிப்டியின் பின்னால் கட்டிக்கொண்டு உத்திரமேரூருக்குப் புறப்படுவார். டீக்கடையில் இருந்து, "இன்னா, எலெக்ஷன் வந்துட்ச்சா?" என்று குரல் வரும். "ஆமா, நிக்கிறவன்லாம் வெளிய கீறான், என் துப்பாக்கி மட்டும் உள்ள போவுது" என்பார் நைனா. அமெரிக்காவிலோ தேர்தல் வந்தால் துப்பாக்கிக் கடையில் வரிசை நிற்கிறது. ஜெயிக்கப் போகிறவன் தடை போட்டுவிடுவான் என்ற பயம். ஜனநாயகம் ஒன்றுதான், துப்பாக்கி போகும் திசைதான் வேறு.

இவ்வளவு நாள் இதெல்லாம் எனக்கு ஒரு வேடிக்கை. எங்கள் பத்து வயது மகள் அமுதா ஒரு சாயங்காலம் மஞ்சள் அட்டை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டும் வரை. பக்கத்து வீட்டு ஹேலிக்குப் பிறந்தநாள். சனிக்கிழமை அவள் வீட்டிலேயே தங்கிவிட்டு ஞாயிறு காலையில் வர வேண்டுமாம். இங்கே வந்து இரண்டு வருடத்தில் அமுதாவுக்கு வாய்த்த ஒரே சிநேகிதி ஹேலி. பள்ளிக்கூடத்தில் இவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் மற்றவர்கள் தள்ளி உட்கார்வார்கள். ஹேலி மட்டும் எலுமிச்சைச் சாதத்தைக் கேட்டு வாங்கித் தின்பாள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வருமா?

ஆனால் ஹேலியின் அப்பா வேய்ன், புல் வெட்டும்போதுகூட இடுப்பில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர். புல் திருப்பித் தாக்கினால் என்ன செய்வது? இடுப்பில் இருப்பது ஒன்று என்றால் வீட்டுக்குள் எத்தனை, எங்கே, பூட்டியா திறந்தா?

"நீங்க தானே அந்த ஆபீஸ்ல கீறீங்க, பாத்துச் சொல்லுங்க" என்றாள் மஞ்சுளா. என் மனைவி காஞ்சிபுரத்துக்காரி, வெட்டு ஒன்று துண்டு இரண்டாகத்தான் பேசுவாள். தேட முடியாது என்றேன். "அப்ப இன்னாத்துக்கு அந்த ஆபீஸ்?" என்றாள். டிவியில் இரண்டு கட்சிக்காரர்களும் மணிக்கணக்காக முட்டிக்கொள்ளும் விஷயத்தை அவள் ஒரே வரியில் கேட்டுவிட்டாள்.

மறுநாள் வேலையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்றபோது வேய்னின் காகிதம் இதில் எங்காவது இருக்குமோ என்று தோன்றியது. பெட்டியைத் திறந்து புரட்டினால் வேலை போய்விடும். புரட்டினாலும் இந்த ஜென்மத்தில் கிடைக்காது. அந்த ரகசியப் பட்டியல் நிஜமாகவே இருக்கக் கூடாதா என்று அன்றைக்கு முதல் தடவையாக ஏங்கினேன்.

நேரில் கேட்பதுதான் ஒரே வழி. பள்ளிக்கூடத்தில் கொடுத்த நோட்டீஸில்கூட, பிள்ளையை அனுப்பும் முன் அந்த வீட்டில் துப்பாக்கி உண்டா என்று தயங்காமல் கேளுங்கள் என்று போட்டிருந்தார்கள். தயங்காமல்! விருந்துக்குக் கூப்பிட்டவர் சாம்பாரில் உப்பே போடாவிட்டாலும் பிரமாதம் என்று மறு கரண்டி வாங்குகிற வம்சம் நான். கூப்பிட்ட மனுஷனிடம் போய், உன் வீட்டில் என் பிள்ளை செத்துப்போய்விட மாட்டாளே என்று எப்படிக் கேட்பது? நைனாவிடம் போனில் புலம்பினேன்.

"அவன் வூட்ல எத்தினி கீதுன்னு ஸ்டேஷன்ல கேளேன்டா."

"ஸ்டேஷனுக்குத் தெரியாது நைனா."

"ஸ்டேஷனுக்குத் தெரியாமலா வெச்சிகினு கீறான்? புடிச்சி உள்ள போட மாட்டாங்களா?"

"அது அவங்க உரிமை நைனா."

"அப்ப நான்தான் ஏமாளியா? மூணு மாசமா என் துப்பாக்கி ஸ்டேஷன்ல குந்திகினு கீது. எலெக்ஷன் முடிஞ்சிட்ச்சி, ரைட்டர் லீவுன்றான். கொல்லைய பன்னி உழுதுட்டுப் போயிட்ச்சி" என்று தன் பேஜாருக்குத் தாவிவிட்டார். போனை வைக்கும் முன் மட்டும் குரலைத் தணித்துச் சொன்னார்: "வெக்கம் பாக்காம கேட்டுடு. பொண்ணுடா."

வியாழக்கிழமை சாயங்காலம் வேய்ன் வீட்டுக் கதவைத் தட்டினேன். வானிலை, ஹேலியின் உயரம், என் காரின் டயர் எல்லாம் பேசிவிட்டு, "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?" என்று கேட்டேவிட்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். மனிதரின் முகம் மலர்ந்துவிட்டது. கடைசியில் இந்த ஆளுக்கும் ரசனை வந்துவிட்டதே என்று நினைத்தார் போல. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், ஆள் உயர இரும்புப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். இது தாத்தாவுடையது, இது மான் வேட்டைக்கு, இது ஹேலிக்குப் பன்னிரண்டு வயதானதும் தருவதற்கு. எங்கள் வீடுகளில் பெண் பிள்ளைக்கு நகை சேர்ப்பதைக் காட்டுவார்களே, அந்தப் பெருமை. பூட்டியிருக்கிறதே என்று எனக்கு மூச்சு வந்தது. "இது ஒன்றைத் தவிர" என்று சமையலறை டிராயரை இழுத்தார். கரண்டிகளுக்குப் பக்கத்தில் ஒன்று படுத்திருந்தது. "அவசரத்துக்குச் சாவி தேட முடியுமா? பிள்ளைகள் இருக்கிற வீடு." அந்த டிராயர் சரியாக அமுதாவின் நெஞ்சு உயரத்தில் இருந்தது.

முன்பே யோசித்து வைத்திருந்த மாற்றுவழியை எடுத்துவிட்டேன். "ஹேலி எங்கள் வீட்டில் தங்கட்டுமே, என் மனைவி பூரி சுடுவாள்" என்றேன். "தாராளமாக" என்றார் வேய்ன். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?"

"ஒன்றுகூட இல்லை" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவர் முகம் சுருங்கிவிட்டது. டிராயரைப் பார்த்தபோது என் முகம் எப்படி ஆனதோ அப்படியே. "ஒன்றுகூடவா?" என்றார். "எவனாவது உள்ளே வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" போலீசைக் கூப்பிடுவேன் என்றேன். எனக்குப் புத்தி சரியில்லையோ என்பது போல என்னை இரக்கத்தோடு பார்த்தார். "தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் நல்லவர். ஆனால் ஹேலி என் ஒரே பெண்." நான் எந்தச் சொற்களைச் சொல்லக் கூச்சப்பட்டேனோ, அவற்றை அவர் கூச்சப்படாமல் சொல்லிவிட்டார்.

வீட்டில் அமுதா அழுத அழுகை இருக்கிறதே! "உங்க ரெண்டு பேரோட பயத்துக்கு நான் ஏன்ப்பா ஃப்ரெண்ட இழக்கணும்?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வழி கண்டுபிடித்தவர்கள் பிள்ளைகளேதான். சனிக்கிழமை மதியம் இரண்டு பேருமாக வேய்னின் கேம்பிங் டென்டை இழுத்து வந்து, இரண்டு வீட்டுக்கும் நடுவில் அடித்துவிட்டார்கள். இங்கே வீடுகளுக்கு நடுவே வேலி இல்லை. வேய்ன் வாரம் தவறாமல் ஒட்ட வெட்டும் புல் எங்கே முடிகிறதோ, நான் சோம்பலில் விட்ட புல் எங்கே தொடங்குகிறதோ, அதுதான் எல்லை. டென்டின் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். அவர் வீட்டுக்குள்ளும் இல்லை, என் வீட்டுக்குள்ளும் இல்லை. எந்த அப்பனாலும் வேண்டாம் என்று சொல்ல முடியாத ஏற்பாடு.

ஆளுக்கொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு டென்டின் இரண்டு பக்கமும் காவல் உட்கார்ந்தோம். அவர் இடுப்பில் துப்பாக்கி. என் மடியில் மஞ்சுளா சுட்ட பூரித் தட்டு. உள்ளே இருந்து சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. இருட்டத் தொடங்கும் நேரம். தெருவில் ஒரு பழைய பிக்கப் வண்டி மெதுவாக வந்து, எங்கள் வீட்டுக்கு நேரே நின்றது. விளக்கு போடவில்லை. உள்ளே இருந்தவன் தலையை வெளியே நீட்டி டென்டையே பார்த்தான். வேய்ன் எழுந்து நின்றார். கையை இடுப்பின் மேல் வைத்தார், அவ்வளவுதான். வண்டி நகர்ந்து போய்விட்டது. வீட்டு நம்பர் தேடி வந்தவனாக இருக்கலாம். பிறந்தநாள் பலூனைப் பார்த்து நின்றவனாகவும் இருக்கலாம்.

வேய்ன் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். நானும் அசைத்தேன். பூரி ஆறியிருந்தது, எடுத்து நீட்டினேன், ஒன்று வாங்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஊரில் இருந்து நைனாவின் போன். அங்கே விடிந்துவிட்டது.

"இன்னாடா, பொண்ணு எங்க கீது?"

"இங்கதான் நைனா, என் கண்ணு முன்னாடிதான்."

"அந்த ஆளு துப்பாக்கி?"

"அதுவும் இங்கதான் கீது."

"பயமா இல்லியா?"

இல்லை என்று சொல்லிவிட்டுக் கீழே பார்த்தேன். பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னைச் சுட்டது. நாற்காலியை எப்போது இழுத்துப் போட்டேன் என்று தெரியவில்லை. முன்கால்கள் இரண்டும் வேய்னின் வெட்டிய புல்லில் இருந்தன. பின்கால்கள் என் புல்லில். டென்டுக்குள் அமுதா ஹேலியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். நான் நாற்காலியைப் பின்னால் நகர்த்தவில்லை.