என் பிள்ளை என் சொல்லைக் கேட்கக்கூடாதென்று ஜெபித்தேன்

சபையாரே, போன செப்டெம்பரில் ஒரு புதன்கிழமை காலை, கோலாலம்பூரில் படிக்கும் என் ஒரே மகள் ஷாமினியை மூச்செடுக்க முடியாத நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். அவளை அந்த ஆபத்தில் விட்டவன் நான். இதை எழுதித் தருகிறேன். எழும்பி நின்று சொன்னால் வழமைபோலப் பகிடி விட்டுத் தப்பிவிடுவேன்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். வெள்ளவத்தையில் போட்டோக்கொப்பிக் கடை. வெளிநாடு போகிறவர்களின் படிவங்களையும் நிரப்பிக் கொடுப்பேன். மகளின் மருத்துவக் காப்புறுதிப் படிவத்தையும் நானே நிரப்பினேன். ஆஸ்துமா உண்டா என்று அதில் ஒரு கேள்வி. ஷாமினிக்கு ஏழு வயதிலிருந்தே அந்தத் தொய்வு நோய். மூச்சுக்கு அடிக்கும் பம்ப் இல்லாமல் வெளியே போகமாட்டாள். நான் ‘இல்லை’ என்ற பெட்டியில் அழகாக ஒரு சரி போட்டேன்.

கொம்பனிக்குப் பயந்து அல்ல. படிவத்தைக் கொண்டுபோகும் முகவர் நம் சபைச் சகோதரர். அவர் மனைவியோ கொட்டாஞ்சேனையில் பாதிப் பேருக்குக் கலியாணம் பேசி வைத்தவர். தொய்வு என்று எழுதினால், கொம்பனிக்குத் தெரிய முன் மாப்பிள்ளை வீடுகளுக்குத் தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அந்த அக்கா அப்படிப்பட்டவர் அல்ல. என் புத்திதான் அப்படிப்பட்டது.

ஜனவரியில் விமான நிலையத்தில் வைத்து மகளுக்குப் பாடம் நடத்தினேன்.

“அங்க ஆர் கேட்டாலும் தொய்வெண்டு வாய் திறக்காத. டாக்டர் கேட்டாலும் சளி, தடிமன் எண்டு சொல்லு. படிவத்தில ஒண்டு, வாயில ஒண்டு எண்டு வந்தா இன்சூரன்ஸ வெட்டிப் போடுவாங்கள்.”

“மூச்சு நிண்டா அப்பா?”

“அதையும் தடிமன் எண்டே சொல்லு.”

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தாயும் சிரிக்கவில்லை.

செப்டெம்பரில் அந்த ஊரைக் காட்டுத்தீப் புகை மூடியது. அந்தப் புதன்கிழமை பத்தரை மணிக்கு என் கடைக்கு அழைப்பு வந்தது. மகளோடு அறையில் இருக்கும் களனிச் சிங்களப் பிள்ளை, நெத்மி. “அங்கிள், பய வென்ன எபா” என்று தொடங்கினாள். பயப்படாதீர்கள் என்று யாராவது தொடங்கினால் எந்த மொழியிலும் பயம் வரத்தான் செய்யும். ஷாமினியை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள், தான் வாசலில் நிற்பதாகச் சொன்னாள்.

‘அவளுக்குத் தொய்வு, டாக்டரிடம் சொல்லு பிள்ளை’ என்று அந்த நிமிடமே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. படிவம் ஞாபகத்துக்கு வந்தது. நான் போட்ட அந்தச் சரி ஞாபகத்துக்கு வந்தது. லைன் அறுந்துவிட்டது.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மெஷினுக்கும் கடதாசிப் பெட்டிகளுக்கும் நடுவே முழங்காலில் விழுந்தேன். முதலில் என்ன ஜெபித்தேன் தெரியுமா? “ஆண்டவரே, அந்தப் படிவத்தை ஒருவரும் கிளறாதபடி பார்த்துக்கொள்ளும்.” பெற்ற பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது அப்பன் செய்த ஜெபம் அது. என் காதிலேயே அது விழுந்தபோது எனக்கு அருவருப்பாக இருந்தது. பிறகுதான் அழுகை வந்தது. “ஆண்டவரே, இருபத்தொரு வருடமாக என் சொல் தட்டாத பிள்ளை. இன்றைக்கு மட்டும் என் சொல்லைக் கேட்காமல் இருக்கட்டும். என்னைப் பொய்யன் என்று எல்லாருக்கும் சொல்லட்டும். மூச்சை மட்டும் கொடும்.”

வெளியே யாரோ ஷட்டரைத் தட்டினார். “அண்ணே, மூடிட்டீங்களா? ரெண்டே ரெண்டு கொப்பிதான்.”

“கர்த்தரோட கதைச்சுக்கொண்டிருக்கிறன், கொஞ்சம் பொறுங்கோ!” என்று கத்தினேன். அது பகிடி இல்லை.

எழும்பி, திரும்பத் திரும்ப அழைத்தேன். ஏழாவது தடவை நெத்மி எடுத்தாள். “பிள்ளை, ஷாமினிக்கு ஆஸ்துமா! நான் பொய் எழுதிப்போட்டன். ஓடிப்போய்ச் சொல்லு!” என்றேன்.

“தெரியும் அங்கிள். அது அவட ஆஸ்பத்திரி ஃபைல்லயே எழுதி இருக்கு. உள்ள மூஞ்சில மாஸ்க் வச்சு மருந்துப் புகை குடுக்கிறாங்க.”

மூன்று மணிக்கு மகளின் குரல் கேட்டது. நைந்துபோன குரல். “அப்பா, கோவிக்காதேங்கோ. வந்த முதல் கிழமையே இன்சூரன்ஸ் கவுண்டருக்குப் போய்ப் படிவத்தத் திருத்திட்டன். டாக்டரிட கடிதம் கேட்டவை, குடுத்தனான். முதல் ஆறு மாதம் தொய்வுக்குக் காசு தரமாட்டம் எண்டவை. அது ஜூலையோட முடிஞ்சுது.”

நான் செப்டெம்பரில் கேட்டதை ஆண்டவர் ஜனவரியிலேயே கொடுத்திருக்கிறார். அவள் அன்றைக்கு என் சொல்லைத் தட்டியதால் இன்றைக்கு மருந்தும் கிடைத்தது, காப்புறுதியும் கைகொடுத்தது.

“கடிதம் ஆர் எடுத்து அனுப்பினது?” என்று கேட்டேன்.

“அம்மா.”

வீட்டுக்குப் போனேன். மனைவி அழுது முகம் வீங்கி இருந்தாள். “ஏன் என்னட்டச் சொல்லேல்ல?” என்று கேட்டேன்.

“சொன்னா நீங்கள் அதையும் பகிடியாக்கியிருப்பியள். உங்களிட்ட ஒரு கவலையச் சொல்லேலாது.”

பகிடி விடாமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அடுத்த ஞாயிறு முகவர் சகோதரரிடமும் அவர் மனைவியிடமும் மன்னிப்புக் கேட்டேன். அக்கா சொன்னார்: “தம்பி, பிள்ளைக்குத் தொய்வெண்டு ஞாயிறு பாடசாலைக் காலத்திலேயே எனக்குத் தெரியும். நான்தானே முதுகு தடவி விடுறனான்.” பதினான்கு வருடம் நான் கட்டிக்காத்த ரகசியத்தின் கதி அது.

இப்போது கடையில் ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாக வாசித்துவிட்டு, வந்தவர் பதில் சொல்லும்வரை பேனையைக் கீழே வைத்துக் காத்திருக்கிறேன். வீட்டிலும் அப்படியே இருக்கப் பழகுகிறேன். அது இன்னும் கடினம்.

மகளின் அனுமதியோடு இதை எழுதுகிறேன். “முதல் தடவையா என்னட்டக் கேட்டிருக்கிறியள்” என்றாள்.

அன்பானவர்களே, உங்கள் நன்மைக்கு மட்டும் ஜெபிக்காதீர்கள். நீங்கள் செய்த பிழை தோற்கவேண்டும் என்றும் ஒருநாள் ஜெபித்துப் பாருங்கள். வெட்கமாக இருக்கும். ஆனால் பயப்படாமல் கேளுங்கள். எனக்கு விரோதமாக நானே கேட்டதை ஆண்டவர் கேட்டார். என் பிள்ளை மூச்சு விடுகிறாள்.