கண்ணாடி மூடியைப் பிடித்தவள்

நாற்பத்தாறு கிலோ உடம்போடு வானத்தில் ஏறும் அனுமதி. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்ற பெரியப்பாவின் கையாலேயே கிளப்புக்கு முதல் சந்தா. தான் வேலை பார்க்கும் பல் செட் கூடத்து முதலாளியிடம் ஞாயிறு விடுமுறை. கிளைடர் என்கிற எஞ்சின் இல்லாத விமானத்தில் தனியாக ஏறி இறங்கியதற்கு, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னம். இவ்வளவையும் போராடி வாங்கிய என் தங்கை, ஞாயிறு காலை பஸ்ஸில் மடிமேல் ஒரு கித்தான் பையை வைத்துக்கொண்டு அதன் வாய்க்கட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பைக்குள் ஈயத் தகடுகள். எடை குறைந்தவர் ஏறினால் கிளைடரின் மூக்கு நிமிர்ந்துவிடும். அதனால் குறைகிற எடையை அவளே தைத்த பையில் கொண்டுபோய் இருக்கையில் கட்டிக்கொள்வாள். கிளப்பில் அவள் பெயர் 'ஈயக்குண்டு'. கண்டக்டர் ஒருமுறை, என்னம்மா நகையா என்று கேட்டார். "இல்லண்ணே, என் மீதி உடம்பு" என்றாள்.

மூடிய எதையும் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டாமல் நகர மாட்டாள். பீரோ, மாவு டப்பா, தெருக்கதவு, எதுவானாலும் சரி. நான் சலித்துக்கொண்டால், "மூடினது மூடினதா இருக்கணும்க்கா" என்பாள். இப்படிப்பட்டவளைத்தான் அஜாக்கிரதைக்காரி என்று எழுதித் தரச் சொன்னார்கள்.

கிளைடரில் இருக்கைக்கு மேல் கவிழ்கிற கண்ணாடி மூடி ஒன்று உண்டு. திறந்தபடி விட்டால் காற்று அதை அறைந்து சாத்தி உடைத்துவிடும். அதைத் திறந்தவர் அருகிலேயே நிற்க வேண்டும் என்பது அங்கே முதல் நாள் பாடம். அந்தப் பாடத்தை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற செயலாளரே ஒரு ஞாயிறு தன் மாப்பிள்ளையை உள்ளே உட்கார வைத்துப் படம் எடுத்தார். பிறகு இருவரும் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். மூடி வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

காற்று கிளம்பியபோது நான் மரத்தடியில் இருந்தேன். ஆளாளுக்கு "ஏய், ஏய்" என்றார்கள். ஓடியவள் இவள் ஒருத்திதான். கவிழ்ந்து வந்த மூடியை இரண்டு கையாலும் தாங்கினாள். சட்டத்தில் இரண்டு விரல் நசுங்கின. தூள்தூளாகப் போயிருக்க வேண்டிய கண்ணாடி ஒரு மூலை விரிசலோடு தப்பியது.

கிளப் பொருள் சேதமானால் பாதிச் செலவு கிளப்புக்கு, பாதி பொறுப்பானவருக்கு. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் பொறுப்பானவர் யார் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் விதியைக் கேளுங்கள். சேதமாகும்போது யார் கை அதன்மேல் இருந்ததோ, அவர்.

விரலில் கட்டோடு நின்றவளிடம் செயலாளர் படிவத்தை நீட்டினார்.

"நான்தான் தொறந்தேன், இல்லேங்கல. ஆனா உடைஞ்சது உன் கைலதானேம்மா?"

"நான் பிடிக்கலேன்னா மொத்தமா போயிருக்கும் சார்."

"பிடிக்காம இருந்திருந்தா உன் பேரே இதுல வந்திருக்காதே."

இதைச் சொல்லிவிட்டு மனிதர் சிரித்தார். கையெழுத்துப் போடும்வரை பறக்க முடியாது என்றும் சொன்னார்.

வீட்டில் என் வீட்டுக்காரர் சமாதானமாகத்தான் பேசினார். ஒரு கையெழுத்துதானே, கிறுக்கிவிட்டுப் போய்ப் பறந்துவிட்டு வா என்றார். "போட்டா, நான் தொறந்து போட்டுட்டுப் போனேன்னு ஆயிடும் மாமா" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். பிறகும் ஞாயிறு தவறாமல் போனாள், ஈயப் பையோடு. மற்றவர்கள் பறக்க இவள் இறக்கையைப் பிடித்தாள், இழுத்துக் கிளப்பும் கயிற்றை மாட்டினாள், தள்ளினாள். தலைக்கு மேலே கிளைடர் போகும்போது மட்டும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள்.

அந்த விதி செய்த வேலையையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் காற்றில் ஒரு கிளைடரின் இறக்கை எழும்பியது. பக்கத்திலேயே நான்கு ஆண்பிள்ளைகள். "நீ பிடிப்பா." "ஏன், நீ பிடியேன்." நால்வர் கையும் பேன்ட் பைக்குள். தூரத்திலிருந்து ஓடிவந்து தன் பையை இறக்கை நுனியில் தூக்கி வைத்து அமுக்கியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நால்வரும் படித்து நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்கள். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு நன்றி வரவில்லை.

அன்று சாயங்காலம் கொட்டகைக்குள் கிளைடரைத் தள்ளும்போது வால் பக்கம் இவள் நின்றாள். இறக்கை இடிக்குமோ என்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததில் வாலின் அடிவிளிம்பு இரும்புக் கதவில் உரசிவிட்டது. நகக்கண் அளவு பெயர்ந்தது. முன்னால் தள்ளியவர்களுக்குத் தெரியாது. கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பேசாமல் இருந்திருந்தால் அடுத்த வாரம் வேறு யார் தலையிலாவது விழுந்திருக்கும்.

இவள் நேரே அலுவலக அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன். சேதப் படிவம் ஒன்று வேண்டும் என்றாள். செயலாளருக்கு முகமெல்லாம் வெளிச்சம். கடைசியில் வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்து, மேசைக்குள் காத்திருந்த கண்ணாடி மூடியின் படிவத்தை எடுத்து வைத்தார். அது இல்லை, புதுசு வேண்டும் என்றாள். விஷயத்தைச் சொன்னாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "யாரும் பாக்கலையேம்மா. எதுக்கு வந்து சொல்றே?"

"இது என் கைல பட்டது சார்."

புதுப் படிவத்தில் 'பொறுப்பேற்பவர்' என்ற இடத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். பழைய படிவத்தை, கையெழுத்துக் கோடு காலியாக இருந்தபடியே, ஒரு விரலால் அவர் பக்கம் தள்ளினாள். அந்தக் கிளப்பின் சேதப் படிவத்தில் என் தங்கை முதன்முதலாகக் கையெழுத்திட்ட தேதி பிப்ரவரி பதினாறு.