சோலார் காரில் ஏழு கிலோ அதிகம்

என் வீட்டுக்காரர் பூபதி திருச்செங்கோட்டில் இருபத்தாறு வருடமாக லாரிக்கு பாடி கட்டுகிறார். பத்து டன்னுக்குக் கட்டச் சொன்னால் பதினைந்து டன் தாங்கும்படி கட்டுவார். லோடு ஏற்றுகிறவன் எப்படியும் பொய் சொல்லுவான் என்பது அவர் கணக்கு. அப்படிப்பட்ட மனுசனிடம் போய்க் கல்லூரிப் பிள்ளைகள் சோலார் காருக்கு சேசிஸ் கட்டக் கொடுத்தார்கள்.

கன்னியாகுமரி வரை மூன்று நாள், வெயிலை மட்டும் நம்பி ஓடும் பந்தயம். வண்டியும் ஓட்டுகிறவரும் சேர்ந்து இருநூற்று எழுபது கிலோவைத் தாண்டக் கூடாது. கோழிப்பண்ணையில் மூன்று தராசு வாங்கிவந்து சக்கரத்துக்கு ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஏழு கிலோ அதிகம். எல்லோரும் உள்ளே ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்திருந்த வித்யாவைத்தான் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் குறையாவிட்டால் ஒல்லிக்குச்சி வளவன் ஓட்டுவான் என்று முடிவானது. இரண்டு வருடமாக அந்த வண்டியே கதியென்று கிடந்தவள் அவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றிலிருந்து அவள் சோற்றைத் தொடவில்லை. நான் பட்டறையில் தூக்குப்போசியைத் திறந்தாலே எழுந்து போய்விடுவாள்.

"ரெண்டு வாய் தின்னு சாமி, காத்துல பறந்துறப் போறே."

"பந்தயம் முடியட்டுங்க்கா."

இவரோ உட்காருவதும் எழுந்திருப்பதுமாக, வெறும் டீயைக் குடித்துக்கொண்டு வாசலுக்கும் பட்டறைக்கும் நடந்தார். என்னவென்று கேட்டால் என் மேல் எரிந்து விழுந்தார்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் எடை போட்டார்கள். அவள் இரண்டு கிலோ இளைத்திருந்தாள். இன்னும் ஐந்து அதிகம். வித்யா இறங்கி ஹெல்மெட்டை வளவனிடம் நீட்டினாள்.

"குடுக்காதே சாமி," என்றார் இவர். "சீட்டுக்குப் பின்னால ஆறு கிலோத் தகடு ஒண்ணு இருக்குது. உங்களுக்குத் தெரியாம நாந்தான் வெச்சு வெல்டிங் அடிச்சேன். பின்னாடி லாரி வந்து இடிச்சா அந்த சேசிஸ் பைப்பு என்னத்தத் தாங்கும்னு பயமா இருந்துச்சு."

பாவி மனுசன், அந்தப் பிள்ளை ஒரு வாரம் பட்டினி கிடந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அவரே கிரைண்டரை எடுத்துத் தகட்டை அறுத்துப் போட்டார். தராசில் இருநூற்று அறுபத்தொன்பது காட்டியது. பிள்ளைகள் சிரித்தார்கள். வித்யா மட்டும் சிரிக்கவில்லை.

"ஏனுங்ணா, வளவன் ஓட்டறதா இருந்திருந்தா வெச்சிருப்பீங்களா?"

இவர் கிரைண்டரைக் கீழே வைத்தார். பொய் சொல்லுவார் என்றுதான் நினைத்தேன்.

"வெச்சிருக்க மாட்டேன் சாமி."

"அப்ப அந்தத் தகடு எனக்கும் வேண்டாங்ணா," என்று சொல்லிவிட்டு அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே ஏறி உட்கார்ந்தாள்.