அழுத்தம் முதலில், சூடு பிறகு

டீ கிளாஸ் நல்ல சூடாக இருந்தது. கடையில் மற்றவர்கள் அதை விளிம்பில் பிடித்து ஊதிக்கொண்டிருக்க, நான் மட்டும் வலது உள்ளங்கையால் முழுதாகப் பிடித்துக் குடித்தேன். கை தேறிவிட்டது என்று ஒரே பெருமை. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி மாரீஸ்வரிதான் பார்த்தாள். உள்ளங்கையில் கொப்புளம்.

சிவகாசியில் பட்டாசுப் பெட்டி லேபிள்களுக்கு லேமினேஷன் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. தீபாவளி சீசன் அவசரத்தில், சூடான உருளைக்குள் தாளோடு என் கையும் போய்விட்டது. மதுரையில் கிராஃப்ட் (தொடைத் தோலை எடுத்துப் புண்ணின் மேல் ஒட்டுவது) செய்தார்கள். சில மாதங்களில் தொட்டால் தெரிந்தது, அழுத்தினால் தெரிந்தது. அடுத்த சீசனுக்கு மெஷினில் நிற்பேன் என்று முதலாளியிடம் சொல்லியும் விட்டேன்.

கொப்புளத்தைக் காட்டப் போனபோது டாக்டரம்மா திட்டவில்லை. என் கண்ணை மூடச் சொல்லி, சுடுநீரும் குளிர்நீரும் நிரப்பிய இரண்டு கண்ணாடிக் குழாய்களைக் கையில் மாற்றி மாற்றி வைத்தார். இரண்டும் எனக்கு வெறும் கண்ணாடிதான். அப்போதுதான் பயம் வந்தது. சூடு தெரியாத கையோடு அந்த உருளைப் பக்கம் போனால் மிச்சக் கையும் மிஞ்சாது.

"அழுத்தம் சொல்ற நரம்பு வேற, சூடு சொல்ற நரம்பு வேற. முதல்ல உள்ளது வந்துருச்சு. மத்தது மெதுவா வரலாம்," என்றார்.

ரோபோ கைக்குப் போர்த்த வெளிநாட்டில் மின்னணுத் தோல் (தொடுவதை மின்சாரத்தால் உணரும் மெல்லிய தாள்) செய்கிறார்களாம். அதிலும் அழுத்தத்துக்கு ஒரு வலை, சூட்டுக்கு இன்னொரு வலை என்று தனித்தனியாகச் செய்து ஒன்றாக அடுக்குகிறார்களாம். பேப்பரில் படித்ததாக டாக்டரம்மாதான் சொன்னார்.

கூட வந்திருந்த மாரீஸ்வரி விடவில்லை. "அதை இவுகளுக்கு ஒட்ட முடியாதா?"

"அது இன்னும் சோதனையிலதாம்மா இருக்கு. இவருக்கு இருக்கது உயிருள்ள தோலு. பழக்குனா கத்துக்கிடும்."

பழக்கினோம். மகள் துண்டால் என் கண்ணைக் கட்டுவாள். மாரீஸ்வரி வெதுவெதுப்பான தண்ணீரையும் பானைத் தண்ணீரையும் டம்ளரில் ஊற்றி என் கையில் மாற்றி மாற்றி வைப்பாள். நான் தோற்றுக்கொண்டே இருந்தேன். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் இருந்தீர்களா என்று மகள் கேலி செய்வாள். இதைப் படிக்கிற உங்களுக்கும் தோல் ஒட்டியிருந்தால், டாக்டரைக் கேட்டுக்கொண்டு இப்படிப் பழக்குங்கள். சூட்டை மட்டும் முதலில் நல்ல கையால் பாருங்கள். என்னைப்போல் வீரம் காட்ட வேண்டாம்.

ஒரு மதியம் சூடு வந்தது. தொட்டவுடனே அல்ல, தொட்டுச் சற்று நேரம் கழித்து. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் இந்தத் தாமதம் உருளைக்கு ஆகாது. முதலாளியிடம் பேசி பேக்கிங்குக்கு மாறிக்கொண்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை. கை எப்போது, எதைச் சொல்லும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

காலையில் மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறேன். சாலையைக் கடக்கக் கையைப் பிடித்ததும் அவளுடைய பிடி தெரிகிறது. அந்தப் பக்கம் போன பிறகுதான் அவள் கையின் சூடு எனக்குத் தெரிகிறது.

"ரோடு தாண்டியாச்சுல்ல, விடுங்கப்பா," என்பாள்.

"இரு தாயி. நீ இன்னும் வந்து சேரல."